ஒறம்பரை வந்தால் ஒளியும் பிள்ளை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 7 முதல் 14 வயது வரையிலான 124 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அத்தனை பேருக்கும் பதற்றக் கோளாறு. அம்மாவைப் பிரிந்தால் தவிப்பு, நாலு பேர் நடுவில் வாய் திறக்க முடியாத கூச்சம், ஓயாத கவலை என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு உலகெங்கும் வழக்கத்தில் உள்ள மனப்பயிற்சி சிகிச்சையை நேரடியாகக் கொடுத்தார்கள். மற்றக் குழந்தைகள் சிகிச்சை அறைக்கு வரவே வேண்டியிருக்கவில்லை. பெற்றோர் மட்டும் வாரம் ஒருமுறையாக 12 வாரம் வந்து போனார்கள். 2020இல் முடிவு வெளியானது. சிகிச்சையாளரிடம் பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கு எவ்வளவு பலன் கிடைத்ததோ, வீட்டிலேயே இருந்த பிள்ளைகளுக்கும் அதற்குக் குறையாத பலன் கிடைத்திருந்தது.

யேல் குழந்தைகள் ஆய்வு மையத்தின் உளவியலாளர் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய இந்த முறைக்கு ஸ்பேஸ் என்று பெயர். இதைப் பற்றிப் படித்தபோது கொங்கு நாட்டு வீடுகளுக்கென்றே செய்துவைத்தது போலத்தான் எனக்குப் பட்டது. பிள்ளையை மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்றால் நம் பக்கத்தில் பல வீடுகளில் பேச்சு அதோடு நின்றுவிடும். நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆவது என்பது பெரியவர்களின் கவலை. பதினைந்து வயதுப் பையனோ, “எனக்கு ஒண்ணும் இல்ல, நான் வர மாட்டேன்” என்று கதவைச் சாத்திக்கொள்வான். பெற்றோர் போனால் போதும் என்கிற சிகிச்சைக்கு இந்த இரண்டு தடையும் இல்லை.

அப்படிப் போகிற பெற்றோருக்கு என்னதான் சொல்லித் தருகிறார்கள்? அதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். கவுண்டம்பாளையத்திலோ சூலூரிலோ இருக்கிற ஏதோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒறம்பரை, அதாவது விருந்தாக உறவினர்கள், வருகிறார்கள். “என்ன படிக்கறே கண்ணு?” என்று பெரியப்பா கேட்கிறார். பையன் உதட்டைப் பிரிப்பதற்குள் அம்மாவிடமிருந்து பதில் வந்துவிடுகிறது: “ஏழாவதுங்க மாமா. இவனுக்குக் கூச்சமுங்க, யார்கிட்டயும் பேச மாட்டான்.” பையன் மெதுவாக நழுவி உள்ளறைக்குப் போகிறான். அவனுக்கு நிம்மதி, அம்மாவுக்கும் நிம்மதி. இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் “நாளைக்குக் கணக்கு டெஸ்ட் எந்தப் பாடம்?” என்று கேட்பதும் அம்மாதான். பக்கத்துத் தெருவில் இருக்கிற நண்பனுக்குப் போன் போட அவனுக்குத் தயக்கம். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை கேட்கத் தயக்கம், அதனால் அவனைக் கடைக்கு அனுப்புவதே இல்லை. “அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று படுக்கப் போகும்முன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். திரும்பத் திரும்பப் பதிலும் கிடைக்கிறது.

பிள்ளையின் பயத்தை அனுசரித்துக் குடும்பமே தன் நடப்பை மாற்றிக்கொள்வது இது. பதற்றமுள்ள குழந்தைகளின் வீடுகளில் ஆராய்ந்த இடமெல்லாம், மிகப் பெரும்பாலான பெற்றோர் இதைச் செய்கிறார்கள் என்றே தெரிய வந்திருக்கிறது. பாசமில்லாத வீட்டில் இது நடக்காது. பிள்ளை துடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்கள்தான் அனுசரிக்கிறார்கள். பதற்றம் பெற்றோர் வளர்ப்பால் மட்டும் வருவதில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதில் பிறவிச் சுபாவத்துக்கும் கணிசமான பங்கு உண்டு என்று காட்டுகின்றன. சில குழந்தைகள் பயம் எளிதில் பற்றும் உடலோடு பிறக்கிறார்கள், அந்தப் பயம் பெற்றோரை அனுசரிக்க வைக்கிறது. “உன் வளர்ப்பு சரியில்லை” என்று யாரும் யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை.

ஆனால் அனுசரிப்பு பயத்தை வளர்க்கிறது. எப்படி என்பதற்கு உடலுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். இன்னொரு வீட்டில் காலை ஏழரை மணி. எட்டு மணிக்குப் பள்ளி வேன் வரும். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். காய்ச்சல் இல்லை, ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டாள். இது நடிப்பில்லை. ஆபத்து என்று மூளையின் அமிக்டலா பகுதி எடுத்துக்கொண்டால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகம் எடுக்கிறது, ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் பாய்கிறது, செரிமானம் தடைப்படுகிறது. வயிறு நிஜமாகவே வலிக்கிறது, குமட்டுகிறது. “சரி, இன்னிக்கு லீவு போட்டுக்கோ” என்று அம்மா சொல்கிறார். வேன் போய்விடுகிறது. பத்து மணிக்கெல்லாம் பிள்ளை டிவி முன்னால் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு அப்பா, “பார்த்தியா, எல்லாம் வேஷம்” என்கிறார். வேஷம் இல்லை. ஆபத்து நீங்கியது, உடல் அடங்கியது, அவ்வளவுதான்.

அந்த நிம்மதியைத்தான் மூளை பாடமாக எடுத்துக்கொள்கிறது. போகாமல் இருந்ததால் தப்பித்தோம் என்று பதிந்துவிடுகிறது. போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, பதினொரு மணிவாக்கில் வலி தானே அடங்கியிருக்கும் என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வலி இன்னும் சீக்கிரமாக வரும், சில வேளை ஞாயிறு சாயங்காலமே தொடங்கிவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை பதிந்த பயம் முழுக்க அழிவதில்லை. தப்பிக்காமல் நின்று பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை என்கிற புதுப் பதிவு பழையதன் மேல் உட்காருகிறது, அவ்வளவே. பழக்கிய எதிர்வினை அடங்கிய பிறகும் இடைவெளி விட்டால் தலைதூக்கும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் தன் நாய்களிடமே கண்டார். பொங்கல் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் பிறகு பழைய அழுகை திரும்பி வந்தால் பாடுபட்டதெல்லாம் பாழாகிவிட்டது என்று பெற்றோர் மனம் உடைந்துபோகிறார்கள். பாழாகவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அப்படித்தான் இருக்கும். முந்தைய தடவையைவிடச் சீக்கிரம் அடங்கும்.

பெரியவரின் பயத்துக்கும் குழந்தையின் பயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பெரியவர் பயந்தால் ஓடுவார் அல்லது எதிர்ப்பார். குழந்தையால் இரண்டும் முடியாது. அது பெற்றவர்களின் முகத்தைப் பார்க்கும். 1985இல் நடந்த ஒரு புகழ்பெற்ற பரிசோதனையில் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி போட்ட மேசை மேல் தவழ விட்டார்கள். பாதி தூரத்தில் கண்ணாடிக்குக் கீழே தரை பள்ளமாகத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் அம்மா நிற்பார். அம்மா மலர்ந்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் அந்தப் பள்ளத்தின் மேல் தவழ்ந்து வந்துவிட்டார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஒறம்பரை முன்னால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்வதைப் பையனும் அப்படித்தான் படித்துக்கொள்கிறான். இது என்னால் ஆகாத காரியம், அதனால்தான் அம்மாவே செய்கிறார் என்று.

பல வீடுகளில் அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் இழுப்பது இந்தச் சிக்கலை இறுக்கிவிடுகிறது. அப்பா அதட்ட அதட்ட, பிள்ளைக்கு யாராவது வேண்டுமே என்று அம்மா கூடுதலாக அணைக்கிறார். அம்மா அணைக்க அணைக்க, கெடுத்துக் குட்டிச்சுவராக்குகிறாள் என்று அப்பா கூடுதலாக அதட்டுகிறார். அதட்டல், பயப்படுவதே தப்பு என்கிறது. அணைப்பு, உன்னால் தாங்க முடியாது என்கிறது. ஸ்பேஸ் முறையில் பெற்றோர் பழகிக்கொள்ளும் பேச்சில் இந்த இரண்டும் இருக்காது. “உனக்குப் பயமா இருக்குதுன்னு தெரியுது கண்ணு. அந்தப் பயத்தை உன்னால தாங்க முடியும்னும் எனக்குத் தெரியும்.” பயத்தை ஏற்றுக்கொள்வதும் பிள்ளையை நம்புவதும் ஒரே மூச்சில் வந்துவிட வேண்டும். பாதியை விட்டுவிட்டால் அது மறுபடியும் அதட்டலாகவோ அணைப்பாகவோ ஆகிவிடும்.

அதன் பிறகு, அனுசரிப்புகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்துவார்கள். அதைத் திடீரென்று செய்வதில்லை. பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், எழுதிப் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. நம் வீட்டுப் பையனுக்கு எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சாமி, ஒறம்பரை வந்தா பேசறதுக்கு உனக்கு எவ்வளவு சங்கடமா இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். அந்தச் சங்கடத்தை உன்னால தாங்க முடியும்னும் நம்பறோம். இத்தனை நாளா உன்னையக் கேட்டா அம்மா பதில் சொல்லீட்டு இருந்தேன். அது உனக்கு உதவி இல்லைன்னு இப்பத்தான் புரிஞ்சுது. வர்ற ஞாயித்துக்கிழமையில இருந்து உனக்குப் பதிலா நான் பேச மாட்டேன். நீ பேசுனாலும் சரி, பேசாட்டியும் சரி, திட்ட மாட்டோம்.”

இதில் பிள்ளைக்கு ஒரு கட்டளையும் இல்லை. பேசு என்று எங்கேயும் சொல்லவில்லை. அம்மா தான் என்ன செய்யப்போகிறார் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார். இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பிள்ளையைப் பேச வைக்க முயன்றால் அவன் ஒத்துழைக்க வேண்டும், ஒத்துழைக்காவிட்டால் மல்லுக்கட்டு. அம்மா தன் வாயை மூடிக்கொள்ள யாருடைய ஒத்துழைப்பும் தேவையில்லை. பன்னிரண்டு வாரமும் பெற்றோரை மட்டும் வரவழைத்து ஒரு சிகிச்சை நடத்த முடிவது இதனால்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரும். பெரியப்பா கேட்பார். அம்மா பேசமாட்டார். கூடத்தில் ஓர் அமைதி விழும், கொங்கு நாட்டு உபசாரத்தில் ஊறிய ஒருவருக்கு அதைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. பையன் அம்மாவைப் பார்ப்பான், அம்மா இளம் சிரிப்போடு காத்திருப்பார். முதல் தடவை பையன் எழுந்து உள்ளே போய்விடலாம், அன்றைக்கு ராத்திரி அழுது ஆர்ப்பாட்டமும் செய்யலாம். நிறுத்திய புதிதில் பயம் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும், இது எதிர்பார்க்கக்கூடியதே. பாட்டி இடையில் புகுந்து, “புள்ளைய ஏன் இப்படி அழ வெக்கறே?” என்று கேட்பார். அதனால் பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் முன்பே பேசிவைப்பது நல்லது. உறவினர்களையும் நண்பர்களையும் துணைக்குச் சேர்த்துக்கொள்வது ஸ்பேஸ் முறையிலேயே ஒரு பகுதி. மேல்நாடுகளில் அதற்கு ஆள் தேட வேண்டும். நமக்கு அமுச்சி, அப்புச்சி, அத்தை, மாமன் என்று ஒரு படையே இருக்கிறது. பெரியப்பா மறுநாள் போனில், “நேத்து நீ கூடத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தே, பாத்தேன் சாமி” என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையன் அதை மறக்கமாட்டான்.

எது அனுசரிப்பு, எது நம் வாழ்க்கை முறை என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பும் நமக்கு உண்டு. மேல்நாட்டுப் புத்தகங்களில் குழந்தை தனி அறையில் தூங்க மறுப்பது முதன்மையான பிரச்சினைகளில் ஒன்று. நம் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை அம்மா பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பது சாதாரணம், அதை நோயாக்கத் தேவையில்லை. ஆனால் அம்மா தன் தம்பி கல்யாணத்துக்கு முதல்நாளே போய்த் தங்க முடியாதபடி பிள்ளையின் பயம் அவரைக் கட்டிப்போட்டால், அது அனுசரிப்பு. விருப்பத்தால் செய்கிறோமா, செய்யாவிட்டால் நடப்பதற்கு அஞ்சிச் செய்கிறோமா என்று ஒவ்வொரு வீடும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் நம் தோட்டத்து வீடுகளில் பிள்ளைகள் விடிகாலையில் பால் கேனைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார்கள், ஆடு ஓட்டுவார்கள், சந்தைக்குப் போய் வருவார்கள். அதில் கஷ்டமும் இருந்தது, படிப்பைப் பறிகொடுத்தவர்களும் உண்டு, அந்தக் காலத்தைக் கொண்டாட நான் வரவில்லை. ஆனால் பெரியவர் துணையில்லாமல் ஒரு காரியத்தை முடித்துத் திரும்பும் பழக்கம் அவர்களுக்குத் தினமும் கிடைத்தது. பீட்டர் கிரே, டேவிட் லான்சி, டேவிட் பியர்க்லண்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2023இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தைகள் தாமாக ஆடவும் திரியவும் வேலை செய்யவும் கிடைத்த வாய்ப்பு பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது அவர்களுடைய மனநலம் சரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது அவர்கள் வாதம். அது அமெரிக்காவைப் பற்றியது. என்றாலும் நம் நிலைமை வேறாகத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், வாசலுக்கே வருகிற வேன், அவினாசி ரோட்டின் போக்குவரத்து. எல்லாக் கண்ணும் அந்தப் பிள்ளைகள் மேல்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவளைத் தனியாக டவுன் பஸ்ஸில் ஏறவிடாததற்குச் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் யாரோடு பேசிவிடுவாளோ, எந்தச் சாதிப் பையனோடு பழகிவிடுவாளோ என்கிற பயமும் பல வீடுகளில் அதற்குள் இருக்கிறது. பெரியவர்களின் அந்தப் பயத்தைப் பிள்ளை தன் பயமாக எடுத்துக்கொண்டு வளர்கிறாள், தன்னால் முடியாது என்றே நம்பிவிடுகிறாள்.

இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைக்குத் திடீரென்று வைராக்கியம் வர வேண்டும் என்று நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. “ஹாஸ்டல்ல போட்டாத் தானா சரியாயிடுவான்” என்கிற பேச்சு நம் பக்கத்தில் சாதாரணமாகக் காதில் விழுவது. கிணற்றில் நீச்சல் பழக்கிய பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முதுகில் சுரைப்புருடையைக் கட்டிப் படியோரத்தில் விட்டு, கை கால் ஓட்டம் வந்தபிறகு கட்டை அவிழ்த்தார்கள். எடுத்த எடுப்பில் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. அப்படிப் போடப்பட்டவர்களில் சிலர் ஆயுசுக்கும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. பயத்தை எதிர்கொள்வது படிப்படியாக, முன்கூட்டித் தெரிந்து, நம்புகிறவர் ஒருவர் கரையில் நிற்க நடந்தால்தான் புதுப் பதிவு உருவாகும். திணறலில் முடிந்தால் பழைய பயமே உறுதிப்படும். அதோடு விடியலிலிருந்து படுக்கும்வரை ஒவ்வொரு மணிக்கும் பெல் அடித்து நடத்தும் இடத்தில் பிள்ளை தானாக முடிவெடுக்க என்ன இருக்கிறது? பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017இல் தமிழக அரசு நிறுத்தியது நல்ல காரியம். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையின் மற்ற எல்லா வேலையையும் நாமே செய்து கொடுக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் தொடங்கும்முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பிள்ளை அஞ்சுகிற இடத்தில் உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா? அடிக்கிற ஆசிரியர், கேலி செய்யும் கூட்டம், தொட்டுப் பேசும் வேன்காரர், கதவில்லாத கழிப்பறை, எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியாத கற்றல் குறைபாடு: இவற்றில் எது இருந்தாலும் மாற வேண்டியது அந்த நிலைமை. அங்கே போய்ப் பயத்தைத் தாங்கிக்கொள் என்பது கொடுமை. குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்றால் 1098க்குச் சொல்லலாம். சாப்பாடு, தூக்கம் கெட்டு, எதிலும் ஆசையற்று, சாவைப் பற்றிப் பேசுகிற பிள்ளைக்கு இந்த வீட்டு முறை போதாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இரவு பகலாக இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெற்றோர் தமக்கென்று ஆலோசனை கேட்டும் போகலாம், பிள்ளை கூட வந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

காலம் கடந்துவிட்டதே என்று நினைக்கிறவர்களும் இருப்பார்கள். பொறியியல் முடித்து, முதல் நேர்காணலில் சொதப்பிவிட்டு, இரண்டு வருடமாக அறையை விட்டு வராத மகன் உள்ள வீடுகள் கோவையின் அடுக்ககங்களில் உண்டு. வேளாவேளைக்குத் தட்டு உள்ளே போகிறது, வைஃபை பில் கட்டப்படுகிறது, “வேலை தேடிட்டு இருக்கானுங்க” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லப்படுகிறது. லெபோவிட்ஸ் இந்த முறையை வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோரிடமும் பயன்படுத்தியிருக்கிறார். அங்கேயும் தொடக்கம் ஒரு கடிதம்தான், மகனுக்குக் கட்டளையில்லாத கடிதம். அடுத்த மாதத்திலிருந்து சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவர மாட்டோம், மேசையில் உனக்கும் சேர்த்து இலை போட்டிருக்கும் என்று அதில் எழுதலாம்.